முதலாளியின் வீட்டுப்பாடம்

“அழாதேங்கோ சரோ. நீங்கள் அழுதா எனக்குச் சொல்ல வராது.”

சரோஜினிதேவி சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு விம்மினாள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த வரதராசா முதலாளி கதிரையில் நெளிந்தார். அவர் பார்வை சுவர்க் கலண்டரில் போய் ஒளிந்துகொண்டது.

விம்மல் சட்டென்று நின்றது.

“பிழை, முதலாளி. கலண்டரையே வேலையால நிப்பாட்டுறியள்? ஆளின்ர முகத்தைப் பாருங்கோ. வாங்கோ, திரும்பவும் முதலில இருந்து.”

அது ஒத்திகை. வெள்ளவத்தையில் மூன்று மாடிப் புடைவைக் கடை வைத்திருக்கும் வரதராசாவுக்கு, ஐம்பத்தெட்டு வயதில் தலைமைத்துவப் பயிற்சி எடுக்கிற ஆசை வந்திருந்தது. பயிற்சி கொடுக்கும் ரொஷேல் இந்தக் கிழமை ஒரு வீட்டுப்பாடம் கொடுத்துவிட்டாள். வேலையால் நிறுத்தவேண்டிய ஒருவரிடம் அதை அவரே முகத்துக்கு நேரே சொல்லவேண்டும்.

அவருக்கு அது வேப்பெண்ணெய் குடிக்கிற மாதிரி. பத்தொன்பது வருடமாகக் கடையில் யாரை நிறுத்துவதென்றாலும் சொல்வது மனேஜர் சரோஜினிதேவிதான். முதலாளி அன்றைக்குப் பார்த்துப் பம்பலப்பிட்டிக் கோயிலுக்குப் போய்விடுவார். அர்ச்சனைத் தட்டோடு திரும்பி வரும்போது ஆள் இருக்காது, ஆளின் கதிரையும் இருக்காது. சும்மா சொல்லக்கூடாது, அவளுக்கு அதில் பெரிய பெருமை.

“என்னட்டத் தந்தா ரெண்டு நிமிஷ வேலை. உங்களுக்கு ஏன் இந்தக் கரைச்சல்?”

“இல்லை சரோ. இது உங்களால ஏலாது. இதை நான்தான் சொல்லவேணும்.”

ரொஷேல் மனுசனை நன்றாகத்தான் பிடித்து ஆட்டுகிறாள் என்று சரோஜினிதேவி நினைத்துக்கொண்டாள். ஆள் யாரென்று அவர் வாய் திறக்கவில்லை. அவளுக்குச் சொல்லவும் தேவையில்லை. போன கிழமைதான் ரொஷேல் கடைப் பிள்ளைகளிடம் பேர் போடாத கடுதாசியில் மனக்குறைகளை எழுதி வாங்கியிருந்தாள். சேர்ட் பகுதிக் கிறிஸ்ரி, மனைவியின் டயலிசிஸ் என்று கிழமைக்கு இரண்டு நாள் வருவதில்லை. அவன் வேலையையும் மற்றவர்கள்தான் இழுக்கிறார்கள். வேறு எதை எழுதியிருக்கப் போகிறார்கள்?

காலையில் அவன் அவளைப் படிக்கட்டில் மறித்தான். “சரோக்கா, ஆரையோ நிப்பாட்டப் போகினமாம். எனக்காக முதலாளியிட்ட ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. இந்த வேலையும் போனா அவ செத்துப்போவா.” சொல்கிறேன் என்றுதான் அவளும் சொன்னாள்.

வரதராசா ஒரு மிடறு தண்ணீர் குடித்தார். “அந்த ஆளின்ர சம்பளத்திலதான் முழு வீடும் ஓடுது எண்டா, சரோ? அப்பவும் சொல்லத்தான் வேணுமோ?”

இதுதான் இடம். ஒரு சொல் போதும், கிறிஸ்ரி தப்பிவிடுவான். ஆனால் தெஹிவளையில் புதிய கிளை திறக்கப் போகிறார்கள். அதற்குப் பொறுப்பாகப் போனால்தான் மகள் தாரிகாவை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்பலாம். தனி ஆளாக உழைக்கிறவளுக்கு வேறு வழி இல்லை. மனம் இளகுகிற ஆளை நம்பி முதலாளி கிளையைத் தருவாரா?

“வீட்டுக் கதையை எடுக்கவே விடாதேங்கோ. ஆருக்குத்தான் வீட்டில கஷ்டமில்லை? அதைப் பார்த்தா கடை நடத்தேலாது.”

“காரணம் கேட்டா?”

“சொல்லாதேங்கோ. நீங்கள் ஒண்டு சொன்னா அவை ஒம்பது சொல்லுவினம். மன்னிப்பும் கேக்கவேண்டாம், தேத்தண்ணியும் குடுக்கவேண்டாம். கண்ணைப் பார்த்து ஒரே வசனம். கடிதத்தைக் குடுத்துப்போட்டுப் பேசாமல் இருங்கோ.”

அவர் ஒவ்வொன்றாகக் கொப்பியில் குறித்துக்கொண்டார். கிறிஸ்ரியின் முகம் ஒருமுறை அவள் மனதில் வந்து போனது. வந்த வேகத்திலேயே அவள் அதை அனுப்பியும் விட்டாள்.

இரண்டாம் முறை முதலாளிக்கு நாக்குக் குழறியது. மூன்றாம் முறை வியர்த்துக் கொட்டியது. அவள் அழுதாள், கெஞ்சினாள், மேசையில் அடித்துச் சத்தமும் போட்டுக் காட்டினாள். இவ்வளவு வருடமாக எத்தனை பேர் அவளுக்கு முன்னால் அப்படிச் செய்திருக்கிறார்கள், அவளுக்கா நடிக்கத் தெரியாது?

நான்காம் முறை வரதராசா லேஞ்சியால் முகத்தைத் துடைத்தார். கதிரையை முன்னுக்கு இழுத்து நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் கண் அவள் கண்ணை விட்டு அசையவில்லை.

“இண்டையோட உங்களை வேலையால நிப்பாட்டுறன்.”

மேசை லாச்சியை இழுத்துத் திறந்து, ஒட்டின கடித உறையொன்றை எடுத்து அவள் பக்கமாகத் தள்ளினார். பிறகு பேசாமல் இருந்தார்.

சரோஜினிதேவிக்கு மெய்யாகவே உடம்பு சிலிர்த்தது. கை தட்டிவிட்டாள். கோயிலுக்கு ஓடி ஒளிகிற மனுசனை ஒரு காலைப்பொழுதில் தலைவராக்கிவிட்டேன் என்று நெஞ்சு நிறைந்து போயிற்று அவளுக்கு.

“இதுதான் முதலாளி! இதுக்கு மேல ஒரு சொல்லும் தேவையில்லை. சூட்டோட சூடாக் கிறிஸ்ரியை மேல வரச் சொல்லட்டோ?”

அவர் இன்னும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கிறிஸ்ரியை ஏன்? நான் சொல்லி முடிச்சிட்டன்.”