ஐந்தாவது தட்டு

ஆவடியில் பட்டாளத்துக்கு டிப்போ கட்டிக்கொண்டிருந்த வருஷம். அங்கே மண் சுமக்கும் வடிவு, டாக்டர் ஜேசுராஜிடம் வந்தாள்.

“எடது காதுல யாரோ நெல்லு குத்திக்கினே கீறாங்க, டாக்டரய்யா.”

ரத்தம் குறைந்தவர்களுக்குத் தங்கள் நாடியே காதில் கேட்பதுண்டு. அதைக் கண்டுபிடிக்க ஜேசுராஜ் ஒரு வழி வைத்திருந்தார். சத்தம் கேட்கும்போதெல்லாம் நோயாளி மேஜையில் விரலால் தட்டவேண்டும். அவர் நாடியைப் பிடித்துப் பார்ப்பார்.

வடிவு தட்டினாள். நாடியும் தட்டும் கச்சிதமாகச் சேர்ந்தன. இரண்டிலும் ஒவ்வொரு ஐந்தாவது துடிப்பும் தவறியது.

அப்புறம்தான் கவனித்தார், அவசரத்தில் கட்டைவிரலை வைத்திருந்தார். கட்டைவிரலில் தெரிவது பார்ப்பவருடைய துடிப்புதான். மற்ற விரல்களால் பிடித்தார். அவள் நாடி ஒன்றுகூடத் தவறாமல் ஓடியது. மேஜையில் அவள் விரல் மட்டும் ஐந்தாவதை விட்டுக்கொண்டேயிருந்தது.

இரும்புச்சத்து டானிக் எழுதி, அடுத்த வாரம் வரச்சொன்னார்.

சிரித்துக்கொண்டே வந்தாள். “நேத்து சாயங்காலத்துலேர்ந்து சத்தம் சுத்தமா நின்னுபோச்சு, டாக்டரய்யா.”

“நல்லதும்மா,” என்று மணிக்கட்டைப் பிடித்தார்.

“இன்னா டாக்டரய்யா, கை இப்டி ஜில்லுனு கீது?”

“மழை வரப்போகுது போல.” இன்னொரு வாரத்துக்கு டானிக் கொடுத்தனுப்பினார்.

அவள் போனதும் தன் மணிக்கட்டில் விரல்களை வைத்துப் பார்த்தார். இடம் மாற்றி வைத்தார். கழுத்தில் வைத்தார். வெளியே பெஞ்சில் யாரோ இருமினார்கள்.

ஜேசுராஜ் கையை எடுத்து, அடுத்தவருக்காக மணியை அடித்தார்.