படத்தில் காட்டாத பெரட்டு

நேற்று தேயிலை எஸ்டேட்டில் காட்டிய சண்டைப் படத்தில் கைதி முள்வேலியைத் தாண்டி ஓடியதும், எல்லாரும் தோட்டத் தொழிலாளி சுடலையைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். பட்டாளத்தில் இருந்தபோது பிடிபட்டு, ஜப்பான்காரன் முகாமிலிருந்து தப்பி வந்தவராயிற்றே!

காலையில் அவருக்குக் காய்ச்சல் அனலாய்க் கொதித்தது. ஆனாலும் ஆள் எண்ணும் பெரட்டுக்குக் கிளம்பினார். பத்து வருஷத்தில் ஒரு நாள்கூடத் தவறியதில்லை.

"ஜப்பான்காரனுக்கே டிமிக்கி குடுத்தவுக, ஒரு நா பெரட்டுக்குப் போகலைன்னா தலையா போயிரும்?" என்றாள் மனைவி மூக்கம்மாள்.

"பத்துத் தலை போச்சு, மூக்கம்மா. நான் ஓடுன மறுநா முகாம் பெரட்டுல ஒரு ஆள் குறைஞ்சுது. வரிசையில நின்னவங்கள்ல பத்துப் பேரைச் சுட்டுட்டான். புதருக்குள்ள ஒளிஞ்சு பாத்துக்கிட்டு இருந்தேன். படத்துல அதைக் காட்டலையே."

மூக்கம்மாள் கம்பளியை எடுத்து அவருக்குப் போர்த்திவிட்டாள்.

"வாங்க. பேர் கூப்பிடுறதுக்குள்ள போயிருவோம்."