ஓவர் எக்ஸ்போஷர்

கட்டை அவிழ்த்தபோது துணியோடு தனராஜின் விரல் தோலும் உரிந்து வந்தது.

அவன் கட்டில் கம்பியில் தலையை முட்டிக்கொண்டான். மனைவி கிருபாவதி கையை இடையில் கொடுத்து அந்த முட்டலை வாங்கிக்கொண்டாள்.

சித்தூர் மிஷன் ஆஸ்பத்திரியில் அவன் எக்ஸ்ரே எடுப்பவன், அவள் டைப்பிஸ்ட்.

தமிழ்-ஆந்திர எல்லைச் சண்டையில் நகரிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நாட்டுத் துப்பாக்கிகள் வெடித்தன. உடம்பெல்லாம் ரவை பாய்ந்தவர்களை லாரியில் அள்ளிக்கொண்டு வந்தார்கள். எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடியே டாக்டர் தியோடர் நீண்ட இடுக்கியால் ரவைகளைத் தேடி எடுத்தார். துடித்தவர்களைக் கதிருக்கு நேரே அழுத்திப் பிடித்தவன் தனராஜ். ரத்தத்தில் வழுக்குகிறதென்று கதிரைத் தடுக்கும் ஈயக் கையுறைகளைக் கழற்றி எறிந்திருந்தான்.

மதராஸிலிருந்த மிஷன் தலைமை அலுவலகத்துக்கு இங்கிலீஷில் கடிதம் போனால்தான் பெரிய டாக்டர் வருவார். எக்ஸ்ரே தன் கணவனின் கைகளை எலும்புவரை எரித்துவிட்டதென்று கிருபாவதி டைப் அடித்தாள். தியோடர் தாளை உருவிக் கிழித்தார்.

“‘பர்ன்’னு போட்டா நம்மள கொலைகாரங்கன்னுவாங்க கிருபா. ஓவர் எக்ஸ்போஷர்னு போடு. ரெண்டும் ஒண்ணுதான்.”

கணவன் பெயரையாவது சேர்க்கக் கேட்டாள். அப்படியானால் கையெழுத்துப் போடமாட்டேன் என்றார். எக்ஸ்ரே அறையில் ஓவர் எக்ஸ்போஷர் நேர்ந்துவிட்டது, உடனே உதவி தேவை என்று அவர் சொல்லச் சொல்ல அடித்தாள். முற்றுப்புள்ளி விழுந்த இடமெல்லாம் தாள் ஓட்டையானது.

பதில் வருவதற்குள் வலது கையில் மூன்று விரல்கள் கறுத்து, அவற்றை வெட்டினார்கள். மயக்கம் பாதியில் தெளிந்துவிட்டது. அவனைக் கட்டிலோடு அழுத்திப் பிடித்தவள் அவள்தான்.

ஒரு மத்தியானம் மதராஸிலிருந்து பார்சல் வந்தது. மருந்தென்று நினைத்து, அவன் கட்டிலருகே ஜன்னல் வெயிலில் வைத்துப் பிரித்தாள்.

இரண்டு பெட்டி புது எக்ஸ்ரே ஃபிலிம்கள். ஓவர் எக்ஸ்போஷரில் கெட்டுப்போன ஃபிலிம்களுக்குப் பதிலாக இவை, இனிமேலாவது கவனமாக இருக்கவும் என்று ஒரு சீட்டு.

கிருபாவதி ஒரு பெட்டியைத் திறந்து உள்ளே சுற்றியிருந்த கறுப்புக் காகிதத்தைக் கிழித்தாள்.

தனராஜ் பதறி எழுந்தான்.

“மூடு கிருபா. வெளிச்சம் பட்டா எல்லாம் வீணாப்பூடும்.”

அவள் அடுத்த பெட்டியை எடுத்தாள்.