குச்சிதான் வேணும்

"தம்பி, குச்சிய இடப்பக்கம் தள்ளுனா வண்டி வலப்பக்கம் போவணும். அப்படி மாத்திக் குடு."

ரஃபீக்குக்குத் தன் காதின்மேலேயே சந்தேகம் வந்தது. சிதம்பரத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்த நாளிலிருந்து யாரும் இப்படிக் கேட்டதில்லை. எதிரே, கிள்ளை பஸ்ஸில் வந்து இறங்கிய இசைவாணி, மடியில் கார் ஓட்டும் விளையாட்டு ஏற்றிய பழைய லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள். மேஜைமேல் அவள் அப்போதுதான் வாங்கிய ஜாய்ஸ்டிக்.

"தலைகீழா இருக்கேக்கா! புள்ளைங்க வெளையாடவா?"

"எனக்குத்தான். வீட்டுக்காரருக்குத் தோள்பட்டை ஒடைஞ்சு போச்சு. இனிமே நான் ஓட்டுனாத்தான் அடுப்பெரியும். ஞாயித்துக்கெழமை ஊர்ப் பஞ்சாயத்தார் முன்னாடி ஓட்டிக் காட்டணும். எங்கயாவது இடிச்சேன்னா, தொழில் கொழுந்தன் கைக்குப் போயிடும்."

"அப்போ நெஜமாவே ஓட்டிப் பழக வேண்டியதுதானே?"

"அவன் தொட விடணுமே! 'அண்ணி, நீங்க கொழம்ப ஒழுங்கா வைங்க, போதும்'ங்கறான். வச்சுக் காட்டறேன் அவனுக்குக் கொழம்பு!"

ரஃபீக்கின் மனக்கண்ணில் ஒரு லோடு வண்டி, மார்க்கெட் கூட்டத்துக்குள் தாறுமாறாக ஓடியது.

"ஸ்டியரிங் மாதிரியே ஒண்ணு வருதுக்கா. அத வாங்கிக்குங்க."

"குச்சிதான் வேணும்."

"கீபோர்டுலயே ஓட்டலாமே?"

"அது வெடுக்குனு திரும்புது. இத கொஞ்சமா தள்ளுனா கொஞ்சமா திரும்புமாமே?"

இவளிடம் பேசி ஜெயிக்க முடியாது என்று ரஃபீக் வேலையில் இறங்கினான். ஒயரைச் சொருகினான். குச்சியை ஒரு சுற்றுச் சுற்றி நடுவில் விடச் சொன்னான்.

"கை நடுங்குனா வண்டி அசையக் கூடாதுல்ல, அதுக்கு நடுவுல கொஞ்சம் எடம் விட்டிருக்கேன்."

"ஜாஸ்தி விடாத. நெனைச்ச ஒடனே திரும்பணும்."

கடைசியாக, இடவலத்தை மாற்றும் கட்டத்தில் டிக் போட வேண்டும். ரஃபீக்கின் விரல் நின்றது. ஒரு உயிரைக் காப்பாற்றுவதற்காகச் சொல்லும் பொய்யை அல்லாஹ் மன்னிப்பான். டிக் போடாமலே மூடினான்.

"நீங்க சொன்னபடியே வச்சிட்டேங்க்கா."

இசைவாணி சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டாள். ஜாய்ஸ்டிக்கை மேஜையிலிருந்து எடுத்து, இடுப்புக்குப் பக்கத்தில் சற்றுப் பின்னால் ஒரு ஸ்டூலில் வைத்துப் பிடித்தாள். திரையில் கார் கிளம்பியது. முதல் வளைவிலேயே மரத்தில் மோதியது.

"மாத்தலையே நீ!"

"மாத்த மாட்டேங்க்கா. கோச்சுக்காதீங்க. இப்படித் தலைகீழா பழகிட்டு ரோட்ல ஏறுனீங்கன்னா யாரு மேலயாவது ஏத்திடுவீங்க. அந்தப் பாவம் எனக்கு வேணாம்."

இசைவாணிக்குக் கோபம் போய்ச் சிரிப்பு வந்தது.

"ரோட்ல யாருடா போறா? பின்னால உக்காந்து மோட்டார்க் கைப்பிடிய இடப்பக்கம் தள்ளுனாத்தான் எங்க படகு வலப்பக்கம் திரும்பும்!"