பாஸ்வேர்டு போட்ட வாக்கி டாக்கி

வாக்கி டாக்கியில் பேசுவதற்கு அழுத்துகிற பட்டன் அடியோடு பிய்ந்து போயிருந்தது. "இதுல கேக்கத்தான் முடியும், பேச முடியாது" என்று அலுத்துக்கொண்டார் இம்தியாஸ். மலைக்கோட்டைக்குக் கீழே சந்துக்குள் கடை வைத்து, கல்யாணங்களுக்கு மைக்கும் லைட்டும் வாடகைக்கு விடுகிறவர் அவர்.

அரியமங்கலத்துப் பழைய சாமான் கடையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று பாதிப் பெட்டி வாக்கி டாக்கி செட்டை அள்ளிக்கொண்டு வந்துவிட்டார். கம்ப்யூட்டரில் மாட்டினால் பாஸ்வேர்டு கேட்கிறது. அது இல்லாமல் சேனலையும் மாற்ற முடியாது, பழைய முதலாளி உள்ளே என்னென்ன செட்டிங் வைத்துவிட்டுப் போனான் என்று பார்க்கவும் முடியாது.

மனைவி வஹீதா சாப்பாட்டுத் தூக்கோடு உள்ளே வந்தாள். "இன்னும் அதையேதான் நோண்டிக்கிட்டு இருக்கீங்களா?" என்றாள். செட்டின் தலையில் சிவப்பு விளக்கு மின்னி அணைந்தது.

"சார்ஜ் வேற நிக்க மாட்டேங்குது" என்றார் இம்தியாஸ். மறுபடியும் மின்னியது.

சற்றைக்கெல்லாம் பச்சை விளக்கு எரிந்தது. கரகரவென்று ஒரு குரல் வந்தது.

"தங்கையன் பட்டறையைப் பூட்டிட்டான். கல்யாண நகை மொத்தமும் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியிலதான் இருக்கு."

"வரட்டும். பாலம் எறங்கி திருவானைக்காவல் ரோட்டுல திரும்பினதும் இடிச்சுத் தள்ளிடுறோம். சத்தம் போட்டான்னா குத்திடலாம்" என்றது இன்னொரு குரல்.

தங்கையன் அடுத்த சந்தில் நகைப்பட்டறை வைத்திருப்பவர். ஸ்ரீரங்கத்துக் கல்யாண வீட்டுக்கு நகை கொண்டுபோகிறேன் என்று காலையில்தான் டீக்கடையில் சொன்னார். ஈ எறும்புக்குக்கூடக் கெடுதல் நினைக்காத மனுஷன்.

"யா அல்லாஹ்! இவனுங்க பேசுறது நமக்கு எப்படிங்க கேக்குது?"

"மிச்சப் பாதிப் பெட்டியை இவனுங்கதான் வாங்கியிருப்பானுங்க. எல்லாம் ஒரே சேனல்ல பூட்டிக் கிடக்கு. அவனுங்களாலயும் மாத்த முடியல."

"ஒடனே போலீசுக்குச் சொல்லுங்க."

"சொல்றேன் வஹீதா. போலீஸ் வர்றதுக்குள்ள அவரு பாலத்தைத் தாண்டிடுவாரே! மொதல்ல அவரை நிறுத்தணும்."

போன் அடித்துக்கொண்டே இருந்தது. தங்கையன் எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது போனைத் தொடாத நல்ல பழக்கம் அந்த மனுஷனுக்கு. மறுபடி அடித்தபோது ஏதோ சிக்னலில் நின்றிருப்பார் போல, எடுத்தார். ஒரே ஹாரன் இரைச்சல். இம்தியாஸ் மேஜையில் கையை ஊன்றிக்கொண்டு, கடையே அதிரும்படி கத்தினார்.

"அண்ணே, இம்தியாஸ் பேசுறேன்! உங்க நகையைப் பறிக்க ஆள் நிக்குது. திருவானைக்காவல் பக்கம் போகாதீங்க. பாலம் எறங்கினதும் இடது கைப்பக்கம் அம்மா மண்டபம் ரோட்டுல திரும்புங்க. நம்ம குடோன் தெரியும்ல, மஞ்ச ஷட்டரு? சைடு கதவு சும்மாதான் சாத்தியிருக்கும். உள்ள போயி தாழ்ப்பாள் போட்டுக்குங்க. போனை அணைச்சிடுங்க, மணியடிச்சா காட்டிக் குடுத்துடும். நான் வந்து மூணு தட்டு தட்டுவேன். வேற யாரு வந்தாலும் திறக்காதீங்க!"

அடுத்து நூறுக்கு அடித்தார். திருவானைக்காவல் ரோட்டில் திருடர்கள் காத்திருக்கிறார்கள் என்று மூச்சு வாங்கச் சொல்லி முடித்தார். அந்த ரோட்டுக்கு உடனே வண்டி அனுப்புவதாகச் சொன்னார்கள்.

அதற்கப்புறம் அந்தக் கடையில் நிமிஷங்கள் நகர மறுத்தன. வஹீதா முந்தானையைப் பிசைந்துகொண்டே துவா ஓதினாள்.

ஒருவழியாகப் போன் அடித்தது. "உள்ள வந்துட்டேன் பாய். தாழ்ப்பாள் போட்டுட்டேன். நீங்க சொன்னபடியே போனை அணைக்கிறேன்" என்றார் தங்கையன்.

"அல்ஹம்துலில்லாஹ்!" இம்தியாஸ் அப்படியே நாற்காலியில் சரிந்தார். கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. உபயோகம் இல்லை என்று காலையெல்லாம் திட்டித் தீர்த்த செட்டு ஒரு உயிரைக் காப்பாற்றிவிட்டதே!

செட்டிலும் வெகுநேரமாகப் பேச்சு மூச்சு இல்லை. போலீஸ் வண்டியைப் பார்த்துப் பயல்கள் ஓடியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டார். சட்டையைச் சரிசெய்துகொண்டு பைக் சாவியை எடுத்தார்.

"நீ கடையைப் பாத்துக்க. நான் போயி அவரைக் கூட்டிட்டு வந்துடுறேன்."

வஹீதா அவரைப் பார்க்கவில்லை. மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, நாம பேசுறப்பல்லாம் இந்தச் சிவப்பு லைட்டு எரியுதே, அது ஏன்?"

"அதான் சார்ஜ் இல்லன்னு..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். அவர் வாயைத் திறந்தபோது விளக்கு எரிந்தது. மூடியதும் அணைந்தது.

பட்டனைத் தொடாமலே, பேச்சுச் சத்தம் கேட்டதும் தானாகவே அதை மற்ற செட்டுகளுக்கு அனுப்பிவிடுகிற செட்டிங் ஒன்று உண்டு. அது அவருக்கு நன்றாகவே தெரியும். அவசரமாகத் தங்கையன் நம்பரை அழுத்தினார். போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

செட்டில் பச்சை விளக்கு எரிந்தது.

"மூணு தட்டுதானே பாய் சொன்னீங்க?"