சத்தம் கேட்கும் தூரம்

"இதோட சத்தம் எவ்வளவு தூரம் கேக்கும்மா?"

ஸ்பேனர் அக்கா நிமிர்ந்து பார்த்தாள். அந்தத் தெருவில் அவளுக்கு அதுதான் பெயர். ஜெனரேட்டர் கடைக்கு வருகிற எல்லோரும் முதலில் கேட்கிற கேள்விதான் இது.

கேட்டவர் ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். வீட்டை விற்று ஒரு கேரவன் வாங்கி, கேரவன்கள் நிறுத்தும் மைதானம் ஒன்றில் இரண்டு மாதமாக அதிலேயே குடியிருக்கிறார். மகள் ஞாயிற்றுக்கிழமை மட்டும் போன் செய்வாள். இதையெல்லாம் யாரும் கேட்காமலேயே, வந்த பத்து நிமிஷத்தில் சொல்லி முடித்திருந்தார்.

"எதெதுக்கு கரண்ட் வேணும் சார்?"

"சின்ன ஃபிரிட்ஜ், ஒரு ஃபேன், ரெண்டு லைட்டு. கெட்டில். அப்புறம் ரேடியோ, அதுவாவது பேசட்டும்."

"ஏசி?"

"நான் ஒருத்தன்தானே. ஜன்னல் போதும்."

"அப்போ ரெண்டாயிரம் வாட் தாராளம்."

இரண்டு ஜெனரேட்டர்களை ஓட்டிக் காட்டினாள். நீல நிறத்தது ஓடுகிறதா என்று காது வைத்துத்தான் பார்க்க வேண்டும். சிவப்பு நிறத்தது அதில் பாதி விலை. கயிற்றை இழுத்ததும் கடை ஷட்டர் கிடுகிடுவென்று ஆடியது. எதிர்க்கடைக்காரர் என்னவோ ஏதோ என்று வாசலுக்கு வந்து முறைத்தார். ரயில்காரர் அவரைப் பார்த்துச் சிரித்துக் கையசைத்தார்.

"சிவப்பே குடுத்துடுங்கம்மா."

"அவசரப்படாதீங்க சார். உங்களுக்கு இன்ஜின் சத்தம் பழகியிருக்கும். மத்தவங்களுக்கு? நீங்க நிறுத்தற மைதானத்துல எத்தனை வண்டி?"

"இருபது இருக்கும். எல்லாரும் கதவைச் சாத்திக்கிட்டு உள்ளயே இருப்பாங்க."

"அந்த இருபது கதவும் திறக்கும் பாருங்க. வரிசையா சண்டைக்கு வருவாங்க."

"நிஜமாவா?"

"போன வருஷம் ஒருத்தர் பிடிவாதமா இதையே வாங்கினார். முதல் நாளே நாலு பேர் வந்து வாசல்ல நின்னுட்டாங்களாம்."

அவர் சிவப்பு ஜெனரேட்டரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினார்.

"என் பட்ஜெட்டுக்கு இதுதாம்மா. மாட்டிடுங்க."

அவளுக்குப் பாவமாக இருந்தது. காசு இல்லாத மனுஷன், ஊர்ப் பேச்செல்லாம் வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறாரே.

கடை வாசலில் நின்ற கேரவனின் பின்பக்கம் வெளியே இரும்புத் தட்டு அடித்து அதில் ஜெனரேட்டரை உட்கார வைத்தாள். புகைக்குழாயை ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் திருப்பினாள். உள்ளே ஓர் எச்சரிக்கை மணியைப் பொருத்தினாள்.

"இந்தப் புகையில இருக்கற விஷம் மூக்குக்குத் தெரியாது சார். மணி அடிச்சா யோசிக்காம வெளியே ஓடி வந்துடணும்."

"சரிம்மா" என்று தலையாட்டிவிட்டு, இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

ஸ்விட்ச் மாட்டும்போது அலமாரியில் இரண்டு கோப்பைகளைக் கவனித்தாள். ஒன்று பழசு, விளிம்பில் சின்ன உடைசல். மற்றது புத்தம் புதுசு, விலைச் சீட்டுகூட இன்னும் பிரிக்கவில்லை.

"அம்மா வரலையா சார்?"

"அவ போய் நாலு வருஷமாச்சு. அது வர்றவங்களுக்கு."

பெட்ரோல் வாங்கி வர அவர் கிளம்பிப் போனார். அந்த இடைவெளியில் ஸ்பேனர் அக்கா ஒரு காரியம் செய்தாள். ஜெனரேட்டரின் நான்கு காலுக்கும் ரப்பர் கொடுத்தாள். உடைத்துப் போட்ட ஒரு பெரிய மெஷினிலிருந்து சைலன்சரைக் கழற்றி இதற்குப் பூட்டினாள். காற்றுக்கு வழி விட்டு, சுற்றிலும் பஞ்சுத் தகடு வைத்த பெட்டி ஒன்றையும் கட்டினாள். ஓட்டிப் பார்த்தபோது அது வாய்க்குள்ளேயே முணுமுணுத்தது. இதற்கெல்லாம் அவள் காசு கேட்கவில்லை, அவரிடம் சொல்லவும் இல்லை. போட்டுப் பார்க்கும்போது தானே அசந்து போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

"ஒரு தடவை ஓட்டிக் காட்டட்டுமா சார்?"

"வேண்டாம்மா, அங்க போய்ப் போட்டுக்கறேன்."

வந்ததைவிட வேகமாக வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்.

மூன்று வாரம் கழித்து அதே கேரவன் மறுபடியும் கடை வாசலில் வந்து நின்றது. இறங்கியவர் முகத்தில் ஈயாடவில்லை.

"ஜெனரேட்டர்ல கோளாறும்மா."

ஸ்பேனர் அக்கா பதறிப்போனாள். கயிற்றை இழுத்தாள், ஒரே இழுப்பில் பிடித்தது. உள்ளே ஏறி ஸ்விட்சுகளைப் போட்டாள். ஃபேன் சுற்றியது, ஃபிரிட்ஜ் ஓடியது, கெட்டிலும் சூடேறியது. அலமாரியில் புதுக் கோப்பை அதே இடத்தில் இருந்தது, விலைச் சீட்டோடு.

"எல்லாம் நல்லாத்தானே சார் ஓடுது? சத்தம்கூட வரலையே."

"அதைத்தாம்மா சொல்றேன். என்னத்தையோ வச்சு அடைச்சிருக்கீங்க. கழட்டிடுங்க."

அவளுக்குச் சுருக்கென்றது.

"உங்களுக்காகப் பாவம் பார்த்து நானா செஞ்சது சார். இதைக் கழட்டினா மொத்த மைதானமும் உங்க வாசல்ல வந்து நிக்கும்."

"அன்னிக்கும் நீங்க அப்படித்தாம்மா சொன்னீங்க. அதை நம்பித்தான் சிவப்பை வாங்கினேன்" என்றார் அவர். "தினமும் சாயங்காலம் இதைப் போட்டுட்டு, கெட்டில்ல ரெண்டு பேருக்குத் தண்ணி வச்சுட்டு, கதவையே பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கேன். மூணு வாரமாச்சு, சண்டை போடக்கூட ஒருத்தரும் வந்து தட்டலை."