ஓரத்தில் தெரிந்த கட்டைவிரல்

டொக், டொக் என்று சத்தம் கேட்டது. கழிவுப் பெட்டிக்குள் கிடந்த பழைய பறவைப் புத்தகம் நடுங்கிப்போனது. பள்ளி நூலக மேசையில் 'நீக்கப்பட்டது' முத்திரை வேலையைத் தொடங்கிவிட்டது.

"கடைசி நாலு பக்கம் இல்லாத உன்னை யாருப்பா படிப்பாங்க? வா, வலிக்காது" என்றது முத்திரை.

புத்தகம் கணினியைப் பார்த்தது. கணினி வந்த அன்றைக்கு, "தாளே இல்லாத பயலுக்கு நூலகத்துல என்ன வேலை?" என்று கேட்டு அலமாரியையே சிரிக்க வைத்தது இதே புத்தகம்தான். இப்போது எந்த வாயால் உதவி கேட்பது?

கணினியே பேசியது. "அண்ணே, டீச்சர்மாருக்காக இணையத்துல இலவச நூலகம் ஒண்ணு திறந்து வச்சிருக்காங்க. தேடிப் பார்க்கட்டுமா?"

சற்று நேரத்தில் நாலு பக்கமும் திரையில் வந்து நின்றன. நூலகர் தில்லைநாயகி அவற்றை அச்சிட்டு, பசை தடவி ஒட்டினார். ஒரு பக்கத்தின் ஓரத்தில் யாருடைய கட்டைவிரலோ படத்தோடு சேர்ந்து விழுந்திருந்தது.

"யாரு தம்பி இது?" என்று கணினியிடம் கேட்டது புத்தகம்.

"எங்கேயோ உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாப் பிடிச்சுப் படம் எடுத்தவங்க. பேரு போடலைண்ணே."

புத்தகம் கணினியின் பக்கம் திரும்பியது. "அன்னைக்கு நான் சொன்னது..."

"விடுங்கண்ணே. அடுத்த பீரியடு ஆறாம் வகுப்புப் பிள்ளைங்க வர்றாங்க."

அந்த விரல் கசங்காதபடி புத்தகம் அட்டையை மெதுவாக மூடிக்கொண்டது.

அடுத்த புத்தகத்தின்மேல் ஓங்கிய முத்திரை, இறங்காமல் அப்படியே நின்றது.

"ஏப்பா, இதுக்கும் கொஞ்சம் பாரேன்."

கணினி மறுபடி தேட ஆரம்பித்தது.